வீட்டுல மரம் கடைய லேத் வாங்கணுமா? காரைக்குடி பக்கத்துல அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

நம்ம செட்டிநாட்டுல கடைசல் வேலையைப் பாக்காம யாரும் வளந்திருக்க முடியாது. முகப்புத் தூண், ஊஞ்சல் கம்பு, கட்டில் கால், தொட்டில் கட்டை, மோர் கடையுற மத்து, தேங்குழல் உரல்னு எல்லாமே ஒரு காலத்துல கடைசல் பட்டறையில இருந்து வந்ததுதான். இப்ப பட்டறைங்க கொறஞ்சுக்கிட்டே வருது, ஆனா வீட்டுல நாமளே கடைஞ்சு பாக்கலாமான்னு கேக்குற ஆளுங்க கூடிக்கிட்டே இருக்காங்க, அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே கேள்வியை பல பேரு கேக்குறதால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். விலை மட்டும் எழுதல, அது மாசத்துக்கு மாசம் மாறும். எதைப் பாத்து வாங்கணும்ங்கிறது மாறாது.

கேள்வி: அண்ணே, கம்மி பட்ஜெட்தான். லேத்துல முதல்ல எதைப் பாக்கணும்?

எடையைப் பாருங்க. ஹார்ஸ்பவர், டிஜிட்டல் டிஸ்ப்ளே, பெயிண்ட் கலர் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். மரம் கடையும்போது கட்டை ஒரு பக்கம் கனமா இருக்கும், சுத்தும்போது அந்தக் கனம் லேத்தையே இழுத்து ஆட்டும், லேத் ஆடுனா உளி ஆடும், உளி ஆடுனா மரத்துல அலை அலையா வரி விழும், எவ்வளவு நேரம் உப்புத்தாள் போட்டாலும் போகாது. வார்ப்பிரும்பு பெட் (மத்த பாகமெல்லாம் உக்காருற அடிச்சட்டம்) இருக்குற லேத் அந்த அதிர்வை வாங்கிக்கும். தகரத்தை மடிச்ச பெட், இல்லன்னா ரெண்டு உருண்ட பைப் மேல நிக்கிற மாடல்னா அது வாங்காது. ஒரே விலையில ரெண்டு இருந்தா, கண்ண மூடிக்கிட்டு கனமானதை எடுங்க. கடைக்கு நேர்ல போக முடிஞ்சா ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி பெட் மேல வச்சு, கட்டை எதுவும் மாட்டாம மெதுவா ஆரம்பிச்சு நிமிஷத்துக்கு 1500 சுத்து வரைக்கும் ஏத்தச் சொல்லுங்க. தண்ணி மேல லேசா ஒரு சிலிர்ப்பு இருந்தா பரவால்ல, டம்ளரே நகர ஆரம்பிச்சா அந்த லேத்தை விட்டுருங்க.

கேள்வி: 8 இன்ச், 10 இன்ச், 12 இன்ச்னு சொல்றாங்களே, அது என்ன அளவு?

அது ஸ்விங். கட்டையைச் சுத்துற தண்டு இருக்கே, ஸ்பிண்டில், அதோட நடுவுல இருந்து பெட் வரைக்கும் இருக்குற தூரத்தை ரெண்டால பெருக்குனா வர்றது, அதாவது அந்த லேத்துல சுத்தக்கூடிய பெரிய வட்டத்தோட விட்டம். இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், நம்ம ஊர் லேத் செய்றவங்க சில பேரு சென்டர் ஹைட் சொல்லுவாங்க, வெளிநாட்டு மாடல் விக்கிறவங்க ஸ்விங் சொல்லுவாங்க. சென்டர் ஹைட் 5 இன்ச்சும் ஸ்விங் 10 இன்ச்சும் ஒண்ணுதான். கேக்காம வாங்கிட்டு அப்புறம் சண்டை போடாதீங்க.

ரெண்டாவது அளவு ரெண்டு சென்டருக்கும், அதாவது கட்டையை ரெண்டு பக்கமும் புடிக்கிற முனைங்களுக்கு, நடுவுல இருக்குற நீளம். 10 இன்ச் ஸ்விங், 18 இன்ச் நீளம், இது வீட்டுக்கு நல்ல அளவு. பூரிக்கட்டை, மத்து, ஸ்டூல் கால், சின்ன கிண்ணம், தேங்குழல் உரல் எல்லாம் இதுல முடியும். ஸ்விங் 10ன்னு போட்டிருந்தாலும் 10 இன்ச் கிண்ணம் நிம்மதியா கடைய முடியாது, உளியைத் தாங்கி வச்சுக்கிற டூல் ரெஸ்ட்டோட அடிப்பாகம் நடுவுல இருக்கும், அதனால ஒரு இன்ச் கம்மியா கணக்கு வச்சுக்கங்க. நீளத்துலயும் சக் (கட்டையைக் கவ்விப் புடிக்கிற தாடை) மாட்டுனா நாலஞ்சு இன்ச் போயிரும்.

கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கட்டைதான் முக்கியம்னா பெட் எக்ஸ்டென்ஷன் கெடைக்கிற மாடலா பாத்து வாங்குங்க. முகப்புத் தூண் மாதிரி கடையணும்னா அது வீட்டு லேத் வேலையே இல்ல.

கேள்வி: ஆன்லைன்ல ரொம்ப சின்ன விலைக்கு மினி லேத்னு ஒண்ணு வருதே?

அது மணி கடையுறது. 24 வோல்ட் டிசி மோட்டார், அலுமினிய சட்டம், கையளவு நீளம். மாலைக்கு மணி, சின்ன பம்பரம், மோதிரம் இதுக்கெல்லாம் சரிதான், சின்னப் பசங்களுக்கு பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கலாம். ரெண்டு இன்ச் வேப்பங்கட்டையை வச்சு உளியைக் காட்டுனீங்கன்னா நின்னுடும். டிரில் மிஷினை மாட்டி ஓட்டுற அட்டாச்மென்ட்டும் அதே கதைதான், டிரில்லோட பேரிங் பக்கவாட்டு அழுத்தத்துக்குச் செஞ்சது இல்ல, கொஞ்ச நாள்ல டிரில்லும் போயிரும்.

கேள்வி: இரும்பு கடையுற லேத் ஒண்ணு சகாய விலைக்கு வருது. அதுலயே மரமும் கடையலாமா?

கடையலாம், ஆனா வாங்கிறதா இருந்தா மரத்துக்குன்னு இருக்குறதையே வாங்குங்க. இரும்பு லேத்துல உளியை மிஷின் புடிச்சிருக்கும், மரத்துல உளியை நம்ம கை புடிச்சிருக்கும், அதுக்கு டூல் ரெஸ்ட் வேணும். போதாததுக்கு எண்ணெய் போட்ட பெட்ல மரத்தூள் ஒட்டி களிம்பு மாதிரி ஆயிரும்.

கேள்வி: மோட்டார் எவ்வளவு ஹெச்பி? ஸ்பீடு எவ்வளவு இருக்கணும்?

10 இன்ச் லேத்துக்கு அரை ஹெச்பி போதும், முக்கா ஹெச்பி இருந்தா நிம்மதி. 12 இன்ச் போறவங்க 1 ஹெச்பி பாருங்க, அது 746 வாட். எத்தனை சுத்து வரைக்கும் ஏறும்னு எல்லாரும் கேக்குறாங்க, ஆனா கேக்க வேண்டியது எவ்வளவு தூரம் எறங்கும்ங்கிறது. 500க்கு மேலதான் ஆரம்பிக்கும்னு சொன்னா கிண்ணம் கடைய ஆசைப்படுறவங்க யோசிக்கணும்.

ஒரு கணக்கு இருக்கு, மனசுல வச்சுக்கங்க. கட்டையோட விட்டம் இன்ச்சுல, அதை சுத்தால பெருக்குனா 6000க்கும் 9000க்கும் நடுவுல வரணும். 8 இன்ச் கிண்ணம்னா 750ல இருந்து 1100 வரைக்கும். 3 இன்ச் கட்டைன்னா 2000ல இருந்து 3000. இது கட்டை வட்டமானதுக்கு அப்புறம். கோணல் மாணலா இருக்குற கட்டையை முதல்ல மாட்டும்போது இதுலயும் பாதிக்குக் கீழ ஆரம்பிங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 10 இன்ச் கட்டையை 3000 சுத்துல விட்டா அதோட ஓரம் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல போகுது. அந்த வேகத்துல ஒரு சில்லு பேந்து முகத்துக்கு வந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

ஸ்பீடு மாத்துறதுல ரெண்டு வகை இருக்கு. பெல்ட்டை ஒவ்வொரு புல்லியா மாத்துறது ஒண்ணு, நாப் திருப்புறது ஒண்ணு. நாப் வசதிதான், ஆனா நாப் மட்டும் இருந்து புல்லி மாத்த வழியில்லன்னா கீழ் ஸ்பீடுல இழுவை இருக்காது, உளி பட்டதும் நின்னுரும். நாப்பும் வேணும், ரெண்டு மூணு புல்லியும் வேணும். பட்ஜெட் இடிச்சா புல்லி மட்டும் இருக்குறதை வாங்குங்க, இண்டக்ஷன் மோட்டார் வச்சது பல வருஷம் உழைக்கும்.

கேள்வி: பழைய கடைசல் பட்டறை லேத் விலைக்கு வருது. வாங்கலாமா?

இதுதான் என்னைக் கேட்டா நம்ம பக்கத்துல இருக்குற நல்ல வாய்ப்பு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். பட்டறையை மூடுற ஆசாரிங்க கிட்ட வார்ப்பிரும்புத் தலையும், கனமான சட்டமும் இருக்குற லேத் கெடைக்கும், புது மினி லேத்தை விட நாலு மடங்கு கனம் இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். போகும்போது கைல ஒரு டார்ச் எடுத்துட்டுப் போங்க. பெல்ட்டைக் கழட்டிட்டு ஸ்பிண்டிலைக் கையால சுத்துங்க, கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் போச்சு, ஆனா பேரிங் மாத்துறது பெரிய செலவு இல்ல. ஸ்பிண்டிலை மேலயும் கீழயும் அமுக்கிப் பாருங்க, ஆட்டம் இருந்தா அது பேரிங்கா இல்ல பேரிங் உக்காருற எடமே தேஞ்சிருக்கான்னு பாக்கணும். எடம் தேஞ்சிருந்தா வேண்டாம். அப்புறம் டெயில் ஸ்டாக்கை (கட்டையோட மறுமுனையைத் தாங்குற பாகம்) தலைக்குப் பக்கத்துல தள்ளி ரெண்டு முனையையும் முட்ட விடுங்க, நேரா முட்டணும். ஒரு மயிரிழை தள்ளி இருந்தா தகடு வச்சு சரி பண்ணலாம், ஒரு நூல் (எட்டுல ஒரு பங்கு இன்ச்) அளவு தள்ளி இருந்தா பேசாம டீ குடிச்சிட்டு வந்துருங்க.

இந்த லேத்துல மோட்டார் பெரும்பாலும் ஒரே ஸ்பீடு. அதுக்கும் வழி இருக்கு. 3 ஃபேஸ் மோட்டார் 1 ஹெச்பி ஒண்ணு போட்டு, வீட்டு சிங்கிள் ஃபேஸ் கரண்டுல ஓடுற விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் கொறைக்கிற கருவி) வச்சா நாப் திருப்பி ஸ்பீடு மாத்தலாம். மோட்டார் நேம் பிளேட்ல 230/415னு ரெண்டு வோல்ட்டேஜும் போட்டிருக்கணும், எலக்ட்ரீஷியன் அதை ஸ்டார்ல இருந்து டெல்டாவுக்கு மாத்திக் குடுக்கணும், 415 மட்டும் போட்டிருந்தா இந்த வேலைக்கு ஆகாது. மோட்டாருக்கு கோயமுத்தூர் இருக்கும்போது நமக்கு என்ன கவலை.

பெல்ட்டுக்கு மூடி இருக்காது. அதை வெல்டிங் பட்டறையில செஞ்சு போட்டுட்டுத்தான் ஸ்விட்ச்சைத் தொடணும்.

கேள்வி: ஸ்பிண்டில் மரை, டேப்பர்னு சொல்றாங்க, அது அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம், ஏன்னா நாளைக்கு சக் வாங்கும்போது அதுதான் பொருந்தணும். பரவலா கெடைக்கிறது 1 இன்ச் 8 டிபிஐ (இன்ச்சுக்கு 8 மரை), இன்னொண்ணு எம்33 (33 மில்லிமீட்டர்). சின்ன லேத்துல முக்கா இன்ச் 16 டிபிஐயும் வரும். இந்த மூணுல ஒண்ணா இருந்தா சக், ஃபேஸ் பிளேட் (கட்டையை ஸ்க்ரூ போட்டு மாட்டுற தட்டு) எல்லாம் சுலபமா கெடைக்கும். செஞ்சவரே ஒரு மரை வெட்டி வச்சிருந்தா அதுக்கு அடாப்டர் கடையச் சொல்லணும், இரும்பு லேத் பட்டறையில செஞ்சு குடுப்பாங்க, ஆனா அடாப்டர் கோணலா இருந்தா சக்கும் கோணலாத்தான் சுத்தும். டேப்பர், அதாவது முனையைச் சொருகுற கூம்புக் குழி, எம்டி2 இருக்கட்டும். எம்டி1 சின்னது, பிடிமானம் கம்மி.

கேள்வி: என்கிட்ட இருக்குற மொத்தக் காசையும் லேத்துல போட்டுறலாமா?

கூடாது. 100 ரூபா இருந்தா 60 ரூபா லேத்துக்கு, 40 ரூபா மத்ததுக்கு. உளி, கிரைண்டர், முகக் கவசம், அப்புறம் சக், இதெல்லாம் இல்லாம லேத் மட்டும் இருந்தா ஒண்ணும் நடக்காது. சக்கை மட்டும் பின்னாடி வாங்கிக்கலாம், ஃபேஸ் பிளேட்லயே கிண்ணம் கடையலாம்.

உளி எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) இரும்புல வாங்குங்க. எட்டு உளி செட்டுன்னு பொட்டியில வர்றதுல பாதி தொடவே மாட்டீங்க. கட்டையை முதல்ல உருட்ட ரஃபிங் கௌஜ் ஒண்ணு, பள்ளம், வளைவு எடுக்க ஸ்பிண்டில் கௌஜ் ஒண்ணு, வெட்டிப் பிரிக்க பார்ட்டிங் டூல் ஒண்ணு, வழவழன்னு சீவ சாய்ஞ்ச முனை வச்ச ஸ்கியூ ஒண்ணு, இந்த நாலு போதும். கிண்ணத்துக்குப் போகும்போது பௌல் கௌஜ் வாங்குங்க. ரஃபிங் கௌஜை மட்டும் கிண்ணத்துல காட்டிடாதீங்க, அதோட வால் பகுதி பிடிக்குள்ள மெலிசா இருக்கும், மாட்டுச்சுன்னா ஒடிஞ்சு மூஞ்சிக்கு வரும். கார்பைடு முனை வச்ச டூல் இருக்கே, சாணை வேண்டாமேன்னு கேப்பீங்க, நல்லதுதான், ஆனா அது சுரண்டும், ஒழுங்கா தீட்டுன உளி மரத்தை சீவும், சீவுன மரத்தோட மினுமினுப்பே வேற.

சாணைக்கு பெஞ்ச் கிரைண்டர்ல 1440 சுத்து இருக்குறதுன்னா உளி சீக்கிரம் சூடாகாது, வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லு, 80 கிரிட் போடுங்க. 2800 சுத்து கிரைண்டர் ஏற்கனவே வீட்டுல இருந்தா அதுலயும் முடியும், கையை லேசா வைக்கணும். கடைஞ்சுக்கிட்டே இருக்கும்போது சுருள் சுருளா வந்த மரம் தூளா வர ஆரம்பிச்சா, உளி மழுங்கிருச்சுன்னு அர்த்தம், உடனே போய் தீட்டுங்க.

கேள்வி: மரத்துக்கு எங்க போறது? தேக்கு விக்கிற விலைக்கு கட்டுப்படியாகுமா?

தேக்கை விடுங்க. தேக்குல சிலிக்கா இருக்கு, உளியை சீக்கிரம் மழுக்கிரும், கத்துக்கிறவங்களுக்கு அது வேண்டாம். நம்ம ஊர்ல காசு குடுக்காம கெடைக்கிற மரமே அருமையானது. பூவரசு இருக்கே, அதைக் கடையுற சந்தோஷத்துக்கு ஈடு இல்ல. வெளிப்பக்கம் வெளுப்பா இருக்கும், உளி உள்ள போகப் போக சாக்லேட் கலர்ல வைரம் (கெட்டியான நடுமரம்) தெரிய ஆரம்பிக்கும், புதுசா வெட்டுன கட்டைன்னா லேசா ஒரு ரோஜா வாசம் வேற வரும். மாமரம் மிருதுவானது, கத்துக்க நல்லது. புளி கனம், கெட்டி, மத்துக்கும் உரலுக்கும் ஏத்தது. வாகையும் நல்லா வரும். வேம்பு கடையலாம், ஆனா அந்தத் தூசி தொண்டையில கசக்கும், மூக்கு எரியும், மாஸ்க் இல்லாம தொடாதீங்க.

அப்புறம் சீமைக்கருவேலம். சிவகங்கை, ராமநாதபுரம் பூரா வளந்து கெடக்கு, அடுப்புக்கும் கரி மூட்டத்துக்கும் மட்டும்தான் ஆகும்னு நெனைக்கிறோம். காயும்போது ரொம்பக் கொஞ்சமாத்தான் சுருங்கும், அதனால மத்த மரம் மாதிரி வெடிக்காது, செம்பழுப்புக் கலர், கெட்டியான வைரம். நேரா நீளமா கெடைக்காது, அதுதான் கஷ்டம், ஆனா பேனா, கத்திப் பிடி, பம்பரம், சின்னக் கிண்ணத்துக்கு நேரா இருக்கணும்னு என்ன. முள்ளை மட்டும் நல்லா அரிஞ்சுட்டு எடுத்துட்டு வாங்க, குத்துனா வீங்கிரும்.

இடிச்ச வீட்டு பர்மா தேக்குத் துண்டு கெடைச்சா விட வேண்டாம், கை பழகுனதுக்கு அப்புறம் கடைய எடுத்து வைங்க. ஆனா அதுக்குள்ள பழைய ஆணி இருக்கும், மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை வச்சு நாலு பக்கமும் தடவிப் பாருங்க. சந்தனம், ஈட்டி பக்கம் வனத்துறை அனுமதி இல்லாம போகாதீங்க.

கேள்வி: பச்சை மரம் கடைஞ்சா வெடிச்சிருதே, என்ன பண்றது?

நம்ம ஊர் வெயிலுக்கு வெடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். வெட்டுன அன்னைக்கே ரெண்டு முனையிலயும் உருக்குன மெழுகு தடவிருங்க, தண்ணி முனை வழியாத்தான் வேகமா வெளியேறும். நடுத்தண்டு இருக்குற எடத்தை ரெண்டா பொளந்து எடுத்துருங்க, வெடிப்பு அங்கதான் ஆரம்பிக்கும். கிண்ணம்னா பச்சையா இருக்கும்போதே தடிமனா ஒரு தடவை கடைஞ்சு வச்சுருங்க, விட்டத்துல பத்துல ஒரு பங்கு தடிமன், 8 இன்ச் கிண்ணத்துக்கு முக்கா இன்ச்சுக்கு மேலயே சுவர் இருக்கணும். அதை பேப்பர் பையில சுத்தி, காத்து அடிக்காத இருட்டு ரூம்ல வைங்க. வாரத்துக்கு ஒரு தடவை சமையல்கட்டு தராசுல எடை போட்டு அந்தக் கிண்ணத்து அடியிலயே பென்சில்ல எழுதுங்க. எடை கொறையுறது நின்னுருச்சுன்னா காஞ்சிருச்சு, மறுபடி மாட்டி கடைசி வடிவத்துக்குக் கொண்டு வாங்க. கோணிப் போயிருக்கும், அதுக்குத்தான் அந்த தடிமன்.

கேள்வி: எங்க வீடு பழைய வீடு. லேத்தை எங்க வைக்கிறது?

வளவுல வேண்டாம், தூசி எல்லா ரூமுக்கும் போகும். ரெண்டாங்கட்டு, இல்லன்னா பின்னாடி கொட்டகை நல்லது. ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரையில ஓட்டை போட்டு போல்ட் அடிச்சிராதீங்க தயவுசெஞ்சு, அந்தக் கல்லு ஒண்ணு ஒடைஞ்சா அதே டிசைன் அதே கலர் மறுபடி சேக்குறது பெரும்பாடு. கனமான மேசை செஞ்சு கீழ்த்தட்டுல ரெண்டு மூட்டை மணலை அடுக்குங்க, காலுக்கு அடியில ரப்பர் போடுங்க, அசையாது. ஸ்பிண்டில் உங்க முழங்கை உயரத்துக்கு இருக்கணும், கீழ இருந்தா ஒரு மணி நேரத்துல முதுகு புடிச்சுக்கும்.

பழைய வயரிங்ல எர்த் இருக்கான்னு முதல்ல எலக்ட்ரீஷியனை விட்டுப் பாக்கச் சொல்லுங்க, 16 ஆம்ப் பிளக் தனியா இழுத்துக்கங்க. வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்க அமெரிக்காவுல இருந்து லேத் அனுப்புறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, அங்க 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். வேணும்னா உளியும் சக்கும் அனுப்பச் சொல்லுங்க, சக்குக்கு உங்க லேத் மரை அளவைக் குடுத்துருங்க.

கேள்வி: பாதுகாப்புக்கு கண்ணாடி போட்டா போதுமா?

போதாது. முகம் முழுக்க மூடுற கவசம் வேணும், அதுல பேரமே பேசாதீங்க. தோள்ல துண்டு, தொங்குற வேட்டி, முந்தானை, துப்பட்டா, வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது, முடியை இறுக்கக் கட்டுங்க. கையுறை போடவே கூடாது, அது மாட்டுனா கையையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி கட்டையைக் கையால ஒரு முழு சுத்து சுத்தி எங்கயும் இடிக்கலையான்னு பாருங்க, போடும்போது கட்டைக்கு நேரா நிக்காம ஒதுங்கி நில்லுங்க. உப்புத்தாள் போடும்போது டூல் ரெஸ்ட்டை எடுத்துருங்க. தூசிக்கு என்95.

கேள்வி: பாலிஷ்? சமையல் சாமானுக்கு எது போடலாம்?

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் காயாது, பிசுபிசுன்னு தூசி ஒட்டும். ஆளி விதை எண்ணெய் காயும், ஆனா ஒவ்வொரு பூச்சுக்கும் நாள் கணக்குல பொறுமை வேணும். அந்த ஆளி விதை எண்ணெய் நனைஞ்ச துணியை சுருட்டிப் போட்டா தானாவே தீப்புடிக்கலாம், விரிச்சு காயப் போடுங்க. அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சு லேத் சுத்தும்போதே துணியால தேச்சா அஞ்சு நிமிஷத்துல பளபளப்பு வந்துரும், ஆனா சூடான சாமான் வச்சா வெளுத்துரும், அதனால அலங்காரச் சாமானுக்கு. கர்நாடகாவுல இருக்குற சன்னபட்டணாவுல பொம்மைக்கு கலர் அரக்குக் குச்சியை சுத்துற மரத்துல அழுத்தி, அந்த உராய்வு சூட்டுலயே உருக்கிப் பூசுறாங்க, அப்புறம் தாழை மடலால தேச்சு மினுக்குறாங்க, பம்பரத்துக்கும் செப்பு சாமானுக்கும் அதை நீங்களும் பழகலாம். மத்துக்கும் தேங்குழல் உரலுக்கும் பாலிஷே வேண்டாம், நல்லா தேச்சு அப்படியே விடுங்க.

கேள்வி: லேத் வந்து எறங்கிருச்சு. முதல்ல என்ன பண்ணட்டும்?

பொட்டி, தெர்மாகோல், பில் எதையும் தூக்கிப் போடாதீங்க. அன்னைக்கே ரெண்டு முனையும் நேரா முட்டுதா பாருங்க, எல்லா ஸ்பீடுலயும் பத்துப் பத்து நிமிஷம் வெறுமனே ஓட்டுங்க, மோட்டார்ல கை வைக்க முடியாத சூடு வருதா, பேரிங் கத்துதான்னு கவனிங்க. வந்தா வீடியோ எடுத்து அனுப்பி அப்பவே மாத்தச் சொல்லுங்க, ஒரு தடவை மரம் கடைஞ்சிட்டா யூஸ் பண்ணிட்டீங்கன்னு சொல்லிருவாங்க. எல்லாம் சரியா இருந்தா மணிக்கட்டு தடிமன்ல, ஒரு அடி நீளத்துல பூவரசங்கட்டை ஒண்ணை ரெண்டு சென்டருக்கும் நடுவுல மாட்டி, 800 சுத்துல ரஃபிங் கௌஜால உருட்டுங்க. உருண்டதும் ஒரு இன்ச்சுக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு மணி, ஒரு பள்ளம்னு மாத்தி மாத்தி கடைங்க, கட்டை பென்சில் தடிமனுக்கு வந்ததும் அடுத்த கட்டையை மாட்டுங்க. வீட்டுக்கு மத்து கடையுறது அதுக்கு அடுத்த வாரம்.